ஆர்க்கைவ் பொத்தானைக் கடைசியாக அழுத்துங்கள்

கேள்வி சுருக்கமாக: எட்டு ஆண்டுகளாக ஒரே ஆளாகக் கவனித்துவந்த ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான என்பிஎம்மில் வாரம் 4 லட்சம் டவுன்லோடு. அதே வேலையைச் செய்யும் பைத்தான் வடிவம் ஒன்று, பைத்தானின் கிடங்கான பைபிஐயில். சொந்த டொமைனில் ஆவணத் தளம். திறந்து கிடக்கும் இஷ்யூ (பிழைப் புகார், கோரிக்கை) 140. இனி நேரம் ஒதுக்க முடியாது. இதற்கிடையில் முன்பின் தெரியாத ஒருவர் "நான் எடுத்து நடத்துகிறேன், பப்ளிஷ் உரிமை கொடுங்கள்" என்று மெயில் போட்டிருக்கிறார். கொடுக்கலாமா? மூடுவதென்றால் எந்த வரிசையில் மூடுவது?

முதல் கேள்விக்குப் பதில் சின்னது: கொடுக்காதீர்கள். இரண்டாவதற்குத்தான் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில், ரெப்போவை (நிரல் கிடங்கை) படிக்க மட்டும் என்று பூட்டும் ஆர்க்கைவ் பொத்தானை அழுத்தினால் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது கடைசி வேலை. முதலிலேயே அழுத்திவிட்டால், செய்ய வேண்டிய மற்ற வேலைகளில் பாதிக்கு அதைத் திரும்பத் திறக்க வேண்டிவரும்.

கோடு (நிரல்) எழுதுவதை நிறுத்துவது சுலபம், இன்றைக்கே நிறுத்தலாம். ஆனால் உங்கள் பேக்கேஜ் பெயர், பப்ளிஷ் டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலான ரகசியச் சாவி), டொமைன், அந்த டொமைனில் இருக்கும் மெயில் முகவரி, கிட்ஹப் கணக்கு இவை எல்லாம் நீங்கள் விலகிய பிறகும் உயிரோடு இருக்கும். இதில் எது ஒன்று வேறு ஆள் கைக்குப் போனாலும், வாரம் 4 லட்சம் டவுன்லோடிலும் அவர் எழுதியது போய்ச் சேரும். வீட்டைக் காலி செய்யும்போது சாமானை ஏற்றி அனுப்புவதோடு முடிவதில்லை. கொல்லைக் கதவு, மொட்டை மாடிக் கதவு, பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்த மாற்றுச் சாவி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். புராஜெக்டை மூடுவதும் பெரும்பாலும் சாவி வேலைதான்.

அந்த மெயிலுக்கு என்ன பதில்

2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் பேக்கேஜுக்கு நடந்தது இதேதான். எழுதியவர் அதைப் பல காலமாகப் பயன்படுத்தவே இல்லை. ஒருவர் மெயிலில் வந்து கேட்டார், உரிமையைக் கொடுத்துவிட்டார். செப்டம்பரில் புதியவர் ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம் என்ற இன்னொரு பேக்கேஜை டிபெண்டென்சியாக, அதாவது கூடவே தானாக நிறுவப்படும் துணைப் பேக்கேஜாகச் சேர்த்தார். அதற்குள் இருந்த மறைகுறிக் கோடு, கோபே என்ற பிட்காயின் வாலட் செயலியின் பில்டுக்குள் போனால் மட்டும் விழித்துக்கொண்டு சாவிகளைத் திருடும். வேறு எங்கேயும் சத்தம் போடாது. நவம்பரில்தான் கண்டுபிடித்தார்கள். எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நடந்தது இவ்வளவுதான்: பயன்படுத்துகிறவர்கள் அவரை நம்பி நிறுவினார்கள், அந்த நம்பிக்கை அவர்களைக் கேட்காமலே ஆள் மாறியது.

"சரி, பழக்கப்பட்ட ஆளாகப் பார்த்துக் கொடுக்கிறேன்" என்பீர்கள். லினக்ஸில் பரவலாக உள்ள சுருக்கக் கருவியான எக்ஸ்இசட் விவகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஜியா டான் என்ற பெயரில் வந்தவர் 2021இலிருந்து ஒழுங்காகப் பேட்ச் அனுப்பினார். 2022இல் வேறு சில பெயர்கள், களைத்துப்போன பராமரிப்பாளரிடம் "ஏன் இவ்வளவு தாமதம், இன்னொருவருக்கு உரிமை கொடுக்கக்கூடாதா" என்று நெருக்கின. கடைசியில் 2024இல் வந்த 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் பின்கதவு இருந்தது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) லாகின் அரை விநாடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் கவனித்ததால் பிடிபட்டது. ஆக, இரண்டு வருடப் பழக்கம்கூட முழு உத்தரவாதம் இல்லை.

எனவே மெயில் போட்டவருக்கு எழுத வேண்டியது: "லைசென்ஸ் அனுமதிக்கிறது, ஃபோர்க் (தனிப் பிரதி) செய்து வேறு பெயரில் வெளியிடுங்கள். ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் என் ரீட்மீயில் (அறிமுகக் கோப்பில்) உங்கள் ஃபோர்க்குக்கு லிங்க் தருகிறேன்." உண்மையாகவே வேலை செய்ய வந்தவருக்கு இதில் நஷ்டம் கிடையாது. பெயர்தான் வேண்டும் என்று வந்தவர் இதோடு காணாமல் போவார். புதுப் பெயர் என்றால் பயன்படுத்துகிறவர் தெரிந்தே மாறுகிறார், அதுதான் முக்கியம்.

விதிவிலக்கு உண்டு. உங்களோடு ஏற்கனவே ரிலீஸ் வெளியிட்டுப் பழகியவர், நிஜ வாழ்வில் யார் என்று பலருக்கும் தெரிந்தவர், அல்லது உங்கள் லைப்ரரியை நம்பியே இருக்கும் ஒரு பெரிய புராஜெக்டின் குழு, இவர்களுக்குக் கொடுக்கலாம். அப்போதும் முதலில் கமிட் உரிமை (நிரலை மாற்றும் உரிமை) மட்டும், சில மாதம் கழித்துப் பப்ளிஷ் உரிமை, அவர்கள் வெளியிடும் முதல் ரிலீஸ் புதிய மேஜர் வெர்ஷன் (4.2.9 போன்ற எண்ணில் முதலாவது மேஜர், அடுத்தது மைனர், கடைசி பேட்ச்). மேஜர் வெர்ஷன் ஏன் என்றால், பெரும்பாலானவர்களின் பேக்கேஜ்.ஜேசனில் (டிபெண்டென்சிப் பட்டியலில்) கேரட் (^) குறி இருக்கும். மைனர் ரிலீஸ் தானாக உள்ளே போய்விடும், மேஜர் போகாது.

பழைய சமூகங்கள் இதற்கு முறையே வைத்திருக்கின்றன. டெபியன் லினக்ஸில் பராமரிப்பாளர் தன் பேக்கேஜை "அநாதை" என்று அறிவிக்கலாம், அல்லது தத்தெடுக்க ஆள் தேடலாம். இரண்டும் தனித்தனி வகைப் பதிவுகள். அநாதையானதைத் தரக்குழு தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளும். பெர்ல் மொழியின் பேக்கேஜ் கிடங்கான சிபேனில் "தத்தெடுங்கள்" என்று பொருள்படும் ஒரு பொய்ப் பயனர் கணக்கே இருக்கிறது. அதற்கு இணைப் பராமரிப்பு உரிமை கொடுத்தால், மாட்யூல் ஆள் தேடுகிறது என்று அர்த்தம். என்பிஎம்மில் இப்படி எதுவும் கிடையாது, அதனால்தான் இந்தத் தலைவலி மெயிலில் வருகிறது.

யார் நம்பியிருக்கிறார்கள்

4 லட்சம் என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். அதில் பெரும்பங்கு சிஐ எந்திரங்கள் (டெஸ்டையும் பில்டையும் தானாக ஓட்டுபவை) ஒரே நாளில் நூறு முறை இழுப்பது. நேரடியாக உங்களைப் பயன்படுத்துகிறவர்கள் சில நூறு பேக்கேஜாக இருக்கலாம்; அதிலும் இரண்டு மூன்று பெரிய பேக்கேஜ்கள் வழியாகவே முக்கால்வாசி டவுன்லோடு வரும். என்பிஎம் பக்கத்தில் டிபெண்டென்ட்ஸ் தாவல், கிட்ஹப்பில் டிபெண்டென்சி கிராஃப் இரண்டையும் பாருங்கள். உங்களை நம்பும் பேக்கேஜ்களை அவற்றின் டவுன்லோடு வரிசையில் அடுக்கி முதல் பத்தை எடுங்கள். பைத்தான் வடிவம் லினக்ஸ் விநியோகங்களில் இருக்கிறதா என்று ரிப்பாலஜி தளத்தில் தேடினால் எந்தெந்த விநியோகத்தில் எந்த வெர்ஷன் என்று வந்துவிடும்.

அந்தப் பத்துப் பேருக்கும் தனித்தனியாக இஷ்யூ போடுங்கள். முடிந்தால் உங்கள் லைப்ரரியை நீக்கி மாற்று ஒன்றைப் போடும் புல் ரிக்வெஸ்டையே (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையையே) அனுப்புங்கள். இதற்கு இரண்டு வார இறுதிகள் ஆகும், ஆனால் பொது அறிவிப்பை ஆயிரம் பேர் படிப்பதைவிட இது அதிகம் சாதிக்கும். பெரிய பேக்கேஜ் ஒன்று மாறினால் உங்கள் எண் அடுத்த மாதமே சரியும்.

சரியாமலும் போகலாம். ஜாவாஸ்கிரிப்ட் உலகில் எச்டிடிபி அழைப்புக்கு எல்லோரும் பயன்படுத்திய ரிக்வெஸ்ட் பேக்கேஜ் 2020 பிப்ரவரியில் முழுமையாக டெப்ரிகேட் (இனிப் பயன்படுத்தாதீர்கள் என்ற முத்திரை) செய்யப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகள் பிறகும் வாரம் ஒரு கோடிக்கு மேல் டவுன்லோடு ஆனது. எண் பூஜ்யமாகும் வரை காத்திருப்பேன் என்று நினைத்தால் நீங்கள் ஓய்வு பெற மாட்டீர்கள்.

அறிவிப்பும் தேதியும்

அறிவிப்பில் "விரைவில்", "நேரம் கிடைத்தால்" போன்ற சொற்கள் வேண்டாம். தேதி போடுங்கள். உங்கள் அளவுக்கு 90 நாள் போதும். அரசாங்கம், வங்கி போன்ற இடங்களில் ஓடுவது தெரிந்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம்.

போட்ட தேதியைத் தள்ளிப்போடலாம், முன்னே இழுக்கக்கூடாது. ஆங்குலர்ஜேஎஸ்ஸின் நீண்டகால ஆதரவு கொரோனாவால் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டு 2021 டிசம்பர் 31இல் முடிந்தது; யாரும் சண்டைக்கு வரவில்லை. பைத்தான் 2க்கு முதலில் சொன்ன ஆண்டு 2015, பிறகு 2020 ஜனவரி 1 ஆனது. சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் விஷயத்தில் நேர்மாறு: 2029 வரை என்று நம்பியிருந்தவர்களிடம் 2020 டிசம்பரில் "2021 கடைசியோடு சரி" என்றார்கள். அந்தக் கோபத்தில் பிறந்தவைதான் ராக்கி லினக்ஸும் அல்மா லினக்ஸும்.

காரணத்தையும் மறைக்க வேண்டாம். வட்டுகளை மறையாக்கம் செய்து பூட்டும் ட்ரூகிரிப்ட் 2014 மே மாதம் ஒரே நாளில் நின்றது. தளத்தில் "இது பாதுகாப்பானது அல்ல, சரிசெய்யாத குறைகள் இருக்கலாம்" என்ற தோரணையில் ஓர் அறிவிப்பு, பூட்டியதைத் திறக்க மட்டும் உதவும் 7.2 வெர்ஷன், விண்டோஸின் பிட்லாக்கருக்கு மாறச் சொல்லும் வழிகாட்டி. என்ன குறை என்று ஒரு வார்த்தை இல்லை. உளவுத்துறை மிரட்டல் முதல் என்னென்னவோ ஊகங்கள் கிளம்பின. அடுத்த ஆண்டு முடிந்த தணிக்கையில் திட்டமிட்ட பின்கதவு எதுவும் கிடைக்கவில்லை. "எனக்கு நேரமில்லை" என்பது மானக்கேடான காரணம் அல்ல, அப்படியே எழுதுங்கள்.

நல்ல மாதிரி வேண்டுமென்றால் சர்வர் செயலிகளை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸின் இங்கிரெஸ் என்ஜின்எக்ஸ் (வரும் கோரிக்கைகளை வழிநடத்தும் பகுதி) அறிவிப்பைப் படியுங்கள். 2025 நவம்பரில் வந்தது. ஒன்றிரண்டு பேர்தான் சொந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒளிக்காமல் சொன்னது. 2026 மார்ச் வரை இயன்ற அளவு பராமரிப்பு, அதன்பின் பாதுகாப்புத் திருத்தம்கூடக் கிடையாது என்றது. ஓடிக்கொண்டிருப்பவை உடையாது, இமேஜ்கள் இருந்த இடத்திலேயே இருக்கும் என்றது. மாற்று கேட்வே ஏபிஐ என்று கைகாட்டியது. படிப்பவர் கேட்க நினைக்கும் எல்லாவற்றுக்கும் அதில் பதில் இருக்கிறது.

உங்கள் ரீட்மீயின் தலையில், பேட்ஜ்களுக்கும் மேலே, இப்படி ஒரு பத்தி வர வேண்டும் (உலகம் முழுக்கப் படிப்பதால் ஆங்கிலத்தில் எழுதுங்கள், சாரம் இது):

"இந்த லைப்ரரி இன்ன தேதியோடு நிறுத்தப்படுகிறது. கடைசி வெர்ஷன் 4.2.9. அதன்பின் பாதுகாப்புத் திருத்தம் உட்பட எதுவும் வராது. ஏற்கனவே நிறுவியவை தொடர்ந்து ஓடும், பேக்கேஜ் நீக்கப்படாது. மாற்று: இன்னது, மாறும் வழி கீழே. பெயரும் பப்ளிஷ் உரிமையும் யாருக்கும் மாற்றித் தரப்படவில்லை. இந்தத் தேதிக்குப் பிறகு இதே பெயரில் புது வெர்ஷன் வந்தால் சந்தேகப்படுங்கள்."

கடைசி இரண்டு வரிகளைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. எழுதினால், நாளைக்குக் கணக்கு திருடப்பட்டாலும் கவனமான ஒருவர் கண்டுபிடிக்க அது உதவும்.

மாற்று எதுவும் இல்லாவிட்டால் அதையும் சொல்லுங்கள். பல சின்ன லைப்ரரிகளுக்கு இன்றைக்கு பிரவுசரிலேயோ நோடிலேயோ சொந்த வசதி வந்திருக்கும். அதுதான் சிறந்த மாற்று, ஏனென்றால் அடுத்த முறை மூட யாரும் இல்லை.

இடையில் ஒரு வார்த்தை: மூடத்தான் வேண்டுமா என்றும் யோசிக்கலாம். தேதிகளைக் கையாளும் மொமன்ட் ஜேஎஸ் லைப்ரரியின் குழு 2020 செப்டம்பரில் தங்கள் லைப்ரரி சாகவில்லை, ஆனால் முடிந்துவிட்டது என்று அறிவித்தது. புது வசதி கிடையாது, பெரிய மாற்றம் கிடையாது, லக்ஸன், டே.ஜேஎஸ் போன்றவற்றுக்குப் போங்கள் என்றது. ஆனால் அப்படி அறிவித்தால் பாதுகாப்புப் புகார் வரும்போது பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதற்கும் நேரமில்லை என்றால் "பராமரிப்பு நிலை" என்பது பொய்; மூடுவதே நேர்மை.

கடைசி ரிலீஸ்

கடைசி ரிலீஸ் பேட்ச் ரிலீஸாக இருக்கட்டும். அப்போதுதான் கேரட் போட்டவர்கள், டில்டே (~) போட்டு பேட்சை மட்டும் தானாக ஏற்பவர்கள் எல்லோருக்கும் போய்ச் சேரும். அதற்குள் போக வேண்டியவை: ஏற்கனவே மெயின் கிளையில் தேங்கிக் கிடக்கும் பிழைத் திருத்தங்கள், தெரிந்த பாதுகாப்புக் குறைகள், புதிய ரீட்மீ. புது வசதி ஒன்றுகூட வேண்டாம். "போகிற போக்கில் இதையும் முடித்துவிடுவோம்" என்று சேர்த்ததில் பிழை வந்தால் அதைத் திருத்த 4.2.10, பிறகு 4.2.11 என்று இழுத்துக்கொண்டே போகும்.

ரீட்மீ ஏன் ரிலீஸில் போக வேண்டும் என்றால், என்பிஎம், பைபிஐ இரண்டிலும் பக்கத்தில் தெரிவது பேக்கேஜோடு ஏற்றிய ரீட்மீ. கிட்ஹப்பில் மட்டும் மாற்றினால் ரெஜிஸ்ட்ரி பக்கம் இன்னும் மூன்று வருடம் "சுறுசுறுப்பாகப் பராமரிக்கப்படுகிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இரண்டு விஷயம் செய்யாதீர்கள். லைப்ரரி லோடு ஆகும்போது கன்சோலில் எச்சரிக்கை அச்சிட வேண்டாம். கட்டளைவரிக் கருவிகளின் வெளியீட்டை வேறு நிரல் படித்துக்கொண்டிருக்கும், அது உடையும். பைத்தானில் எச்சரிக்கையைப் பிழையாக மாற்றும் அமைப்போடு டெஸ்ட் ஓட்டுபவர்கள் நிறைய. நல்லெண்ணத்தில் போட்ட ஒரு வரியால் திங்கட்கிழமை காலை ஆயிரம் பில்டு சிவப்பாகும். இரண்டாவது, லைசென்ஸை மாற்ற வேண்டாம். பிறர் அனுப்பிய பேட்ச்களின் காப்புரிமை அவர்களுடையது; தவிர, மாற்றினாலும் பழைய வெர்ஷன்களுக்கு அது செல்லாது.

ரெஜிஸ்ட்ரியில் முத்திரை

நீக்குவது ஓய்வு அல்ல. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பேக்கேஜை அதன் ஆசிரியர் தன் மற்ற பேக்கேஜ்களோடு சேர்த்து நீக்கியபோது பேபல் உட்படப் பலவற்றின் பில்டு உலகம் முழுக்க நின்றது. என்பிஎம் அதைத் தானே திரும்ப ஏற்றியது, விதியையும் இறுக்கியது. இன்றைக்கு வெளியிட்டு 72 மணி நேரம் ஆகிவிட்டால், வேறு பேக்கேஜ் எதுவும் நம்பியிருக்கக்கூடாது, கடந்த வாரம் 300க்குக் குறைவான டவுன்லோடு, ஒரே உரிமையாளர் என்ற மூன்றும் பொருந்தினால்தான் நீக்க முடியும். உங்களுக்கு அந்த வழி இல்லை, நல்லதே.

செய்ய வேண்டியது டெப்ரிகேட். என்பிஎம் கட்டளையில் டெப்ரிகேட் என்று கொடுத்து, பேக்கேஜ் பெயர், பிறகு மேற்கோளுக்குள் செய்தி. வெர்ஷன் வரம்பு கொடுக்காவிட்டால் எல்லா வெர்ஷனுக்கும் பொருந்தும். செய்தி ஒற்றை வரியாக, லிங்கோடு இருக்கட்டும். "இனிப் பராமரிப்பு இல்லை" என்று மட்டும் எழுதினால் படிப்பவர் எரிச்சலோடு தேடிக்கொண்டு உங்கள் இஷ்யூ பக்கத்துக்குத்தான் வருவார். தவறாகச் செய்துவிட்டால் அதே கட்டளையை வெற்றுச் செய்தியோடு கொடுத்தால் முத்திரை போய்விடும்.

பைபிஐயில் வேறு கதை. அங்கே உரிமையாளர் புராஜெக்டை நீக்கலாம், நீக்கினால் பெயர் காலியாகும், வேறு யாரும் அதே பெயரைப் பதிவு செய்யலாம். இதைவிட ஆபத்தான பொத்தான் கிடையாது. யாங்க் செய்வதும் இதற்கானது அல்ல. அது உடைந்த வெர்ஷனை ஒதுக்கிவைப்பதற்கு. எல்லா வெர்ஷனையும் யாங்க் செய்தால் வெர்ஷன் எண் குறிப்பிடாமல் நிறுவுபவர்களுக்கு எதுவுமே கிடைக்காது. 2025 ஜனவரியிலிருந்து பைபிஐயில் புராஜெக்டையே ஆர்க்கைவ் செய்யும் வசதி இருக்கிறது, பக்கத்தின் மேலே அறிவிப்பு தெரியும். கடைசி ரிலீஸை ஏற்றிய பிறகு அதைச் செய்யுங்கள். அந்த ரிலீஸின் வகைப்பாட்டில் வளர்ச்சி நிலையை 7, அதாவது செயலற்றது என்று போட்டுவிடுங்கள்.

மற்ற மொழிக்காரர்களுக்கு ஒரு வரி: பிஎச்பியின் பேக்கஜிஸ்டில் "கைவிடப்பட்டது" என்று குறித்து மாற்றுப் பேக்கேஜின் பெயரும் தரலாம், கோ மொழியில் மாட் கோப்பின் மாட்யூல் வரிக்கு மேலே டெப்ரிகேட்டட் என்று கமென்ட் எழுதிப் புது வெர்ஷன் வெளியிட வேண்டும், ஜாவாவின் மேவன் சென்ட்ரலில் எதையும் நீக்க முடியாது, பாம் (பிஓஎம்) கோப்பில் இடமாற்றக் குறிப்புதான் வழி.

சாவிகள்

இங்கேதான் அவசரப்படாமல் உட்கார வேண்டும். ஒரு மாலை முழுக்க ஒதுக்குங்கள்.

என்பிஎம்மில் உரிமையாளர் பட்டியலை எடுங்கள். எட்டு வருடத்தில் இரண்டு மூன்று பேருக்குப் பப்ளிஷ் உரிமை கொடுத்திருப்பீர்கள். ஒருவர் ஐந்து வருடமாக அந்தக் கணக்கைத் திறந்திருக்க மாட்டார், இரட்டைச் சரிபார்ப்பும் வைத்திருக்க மாட்டார். சொல்லிவிட்டு நீக்குங்கள். உங்கள் கணக்கின் டோக்கன் பட்டியலில் இருக்கும் பப்ளிஷ் டோக்கன்கள் எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள். கிட்ஹப் ரெப்போவின் சீக்ரெட்ஸ், டிப்ளாய் கீ, வெப்ஹூக், நிறுவிய ஆப்கள் எல்லாம் காலியாக வேண்டும். டோக்கன் இல்லாமல் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் மூலம் நேரடியாக வெளியிடும் "நம்பகமான வெளியீட்டாளர்" அமைப்பு இருந்தால் அதையும் ரெஜிஸ்ட்ரி பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். டோக்கன் இல்லை என்பதால் இதை மறந்துவிடுகிறார்கள்.

போட்-கணக்குகளையும் பாருங்கள். கிட்ஹப்பின் ஆட்டம் எடிட்டருக்கு நடந்தது இது: 2022 ஜூனில் மூடப்போவதாக அறிவிப்பு, டிசம்பர் 15இல் ரெப்போக்கள் ஆர்க்கைவ். அதற்கு ஒன்பது நாள் முன்பு, டிசம்பர் 6 அன்று, ஓர் எந்திரக் கணக்கின் டோக்கனைத் திருடியவர்கள் ஆட்டம் உட்படப் பல ரெப்போக்களை இழுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே மறையாக்கம் செய்த கையொப்பச் சான்றிதழ்கள் இருந்தன. அவை தவறாகப் பயன்பட்டதாகத் தெரியவில்லை, ஆனாலும் 2023 பிப்ரவரி 2இல் ரத்து செய்ய வேண்டிவந்தது. கடைசி வெர்ஷன்களான 1.63.0, 1.63.1 வைத்திருந்தவர்கள் பழைய வெர்ஷனுக்கு இறங்க நேர்ந்தது. மூடிய கடைக்கு மறுபடி ஆள் அனுப்பி வேலை பார்த்தார்கள்.

அடுத்தது மெயில். உங்கள் என்பிஎம், பைபிஐ கணக்குகள் எந்த முகவரியில் இருக்கின்றன? புராஜெக்டின் சொந்த டொமைனில் இருந்தால் இன்றைக்கே வேறு நிலையான முகவரிக்கு மாற்றுங்கள். 2022 மே மாதம் பைபிஐயில் சிடிஎக்ஸ் என்ற பழைய பேக்கேஜ் இப்படித்தான் போனது. உரிமையாளரின் மெயில் டொமைன் காலாவதியானது. வேறொருவர் சில டாலர் கொடுத்து அதை வாங்கி, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று சொல்லி, மாற்றும் லிங்கைத் தன் பெட்டிக்கே வரவழைத்து, சூழல் மாறிகளைத் திருடும் கோடை ஏற்றினார். எந்தப் பூட்டும் உடைபடவில்லை.

கிட்ஹப் கணக்கையோ ஆர்கனைசேஷனையோ நீக்காதீர்கள், பெயரும் மாற்றாதீர்கள். பழைய பெயர் காலியானால் வேறொருவர் எடுத்து, அதே பெயரில் ரெப்போ திறந்து, உலகில் உள்ள பழைய லிங்குகள் அத்தனையையும் தனதாக்கிக்கொள்ளலாம். நீக்குவதற்கோ பெயர் மாற்றுவதற்கோ முந்தைய வாரம் 100க்கு மேல் குளோன் ஆன ரெப்போக்களின் பெயரை கிட்ஹப் தானாக முடக்கிவைக்கிறது; உங்கள் சின்ன ரெப்போக்கள் அந்த வரம்புக்குள் வராது.

டொமைன்

ஆவணத் தளத்தை ரெப்போவுக்குள்ளேயே நிலையான எச்டிஎம்எல்லாக ஏற்றி கிட்ஹப் பேஜஸில் வைத்துவிடுங்கள். ரெப்போவை ஆர்க்கைவ் செய்தாலும் தளம் நிற்காது. டொமைனை உடனே விட்டுவிடக்கூடாது. டாட் காம் போன்றவற்றை அதிகபட்சம் 10 ஆண்டுக்கு முன்பணம் கட்டிப் புதுப்பிக்கலாம். சில ஆயிரம் ரூபாய்தான், கட்டிவிட்டுத் திருப்பிவிடும் முகவரி போட்டுவிட்டால் கவலை விட்டது. விடத்தான் வேண்டும் என்றால் டிஎன்எஸ்ஸில், டொமைனைத் தளத்தோடு இணைக்கும் சி-நேம் பதிவை முதலில் நீக்கி, பிறகு பேஜஸ் தளத்தை நீக்குங்கள். வரிசை மாறினால், தொங்கிக்கொண்டிருக்கும் பதிவை இன்னொருவர் தன் பேஜஸ் தளத்தோடு இணைத்து உங்கள் பெயரில் கடை திறப்பார்.

உங்கள் டொமைனிலிருந்து யாராவது ஸ்கிரிப்டை நேரடியாக இழுக்கிறார்களா என்று சர்வர் லாகில் பாருங்கள். இழுத்தால் விஷயம் வேறு. பழைய பிரவுசர்களுக்கு உதவும் ஸ்கிரிப்ட் வழங்கிய பாலிஃபில் டாட் ஐஓ டொமைன் 2024 பிப்ரவரியில் கைமாறியது. ஜூனில் அதிலிருந்து வந்த ஸ்கிரிப்டில் தீங்கான கோடு கலந்திருந்தது. அந்த ஒற்றை ஸ்கிரிப்ட் வரியை வைத்திருந்த தளங்கள் ஒரு லட்சத்துக்கு மேல். அந்தப் புராஜெக்டைத் தொடங்கியவர், டொமைன் தனக்குச் சொந்தமே இல்லை, உடனே எடுத்துவிடுங்கள் என்று பிப்ரவரியிலேயே எச்சரித்திருந்தார். ஆக, ஸ்கிரிப்ட் வழங்கிய டொமைனை விற்பதும் இல்லை, விடுவதும் இல்லை. வருடா வருடம் கட்டணம் கட்டும் கடமை அது, வேறு வழியில்லை.

140 இஷ்யூக்கள்

புல் ரிக்வெஸ்ட்களை முதலில் பாருங்கள், அனுப்பியவர் உழைத்திருக்கிறார். டெஸ்டோடு இருக்கும் சின்னத் திருத்தங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை ஒரு வரி நன்றியோடு மூடுங்கள். இஷ்யூக்களில் கேள்விகளையும் புது வசதிக் கோரிக்கைகளையும் மூடலாம். ஆனால் உறுதிப்பட்ட பிழைகளைத் திறந்தே விடுங்கள், ஒரு லேபிள் போட்டு. ஆர்க்கைவ் செய்யும் முன் எல்லாவற்றையும் மூடிவிடச் சொல்வார்கள். பிழைகள் விஷயத்தில் எனக்கு அது உடன்பாடில்லை. ஃபோர்க் செய்கிறவர் முதலில் தேடுவது "எது உண்மையில் உடைந்திருக்கிறது" என்ற பட்டியலைத்தான். போட் வைத்து 140க்கும் ஒரே செய்தி போட்டு மூடினால் அந்தப் பட்டியல் அழிகிறது, கூடவே 140 பேருக்கு ஒரே இரவில் நோட்டிபிகேஷனும் போகும்.

சரிசெய்யாமல் விடும் பாதுகாப்புக் குறை இருந்தால் அதைப் பகிரங்கமான அட்வைசரியாக (பாதுகாப்பு எச்சரிக்கையாக) வெளியிட்டுவிடுங்கள். அப்போதுதான் என்பிஎம் ஆடிட் போன்ற கருவிகள் அதைக் காட்டும். மூடிய புராஜெக்டில் ரகசியமாக உறங்கும் குறை, கண்டுபிடித்தவருக்கு மட்டுமே லாபம்.

ஸ்பான்சர்ஷிப் வாங்கிக்கொண்டிருந்தால் அறிவிப்பு நாளன்றே மாதச் சந்தாவை நிறுத்துங்கள். நன்கொடைத் தளமான ஓப்பன் கலெக்டிவில் மீதிப் பணம் இருந்தால் உங்கள் டிபெண்டென்சிகளில் ஒன்றுக்கு அனுப்பலாம். எங்கே போனது என்று ஒரு வரி எழுதினால் பேச்சு வராது.

இப்போது அந்தப் பொத்தான்

ஆர்க்கைவ் செய்ததும் கோடு, இஷ்யூ, கமென்ட், லேபிள், விக்கி, ரிலீஸ் எல்லாம் படிக்க மட்டும் என்றாகிவிடும். உறுப்பினர் உரிமைகளும் உறைந்துவிடும், அதாவது பழைய ஆளை நீக்க மறந்திருந்தால் மறுபடி திறந்துதான் நீக்க வேண்டும். ஃபோர்க் செய்வதற்குத் தடை கிடையாது. மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்புரூ போன்ற இடங்களில், மூல ரெப்போ ஆர்க்கைவ் ஆனது என்பதே டெப்ரிகேட் முத்திரை குத்தப் போதுமான காரணம். உங்கள் கட்டளைவரிக் கருவி எதுவும் அங்கே இருந்தால் அந்த விளைவுக்குத் தயாராக இருங்கள்.

அழுத்தும் முன் கடைசி கமிட்டுக்கு ஒரு டேக் போட்டு, சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ் காப்பகத்தில் ரெப்போ முகவரியைக் கொடுத்து ஒரு பிரதி எடுக்கச் சொல்லுங்கள். கிட்ஹப் போன்ற தளமான கூகுள் கோடு 2015இல் மூடப்போவதாக அறிவித்து 2016 ஜனவரியில் கதவைச் சாத்தியது. அன்றைக்கு அதுவும் நிரந்தரம் என்றுதான் நினைத்திருந்தோம்.

பிறகும் மெயில் வரும். பெரும்பாலும் இரண்டே வகை: "ஒரே ஒரு பிழை, ஐந்து நிமிட வேலை" என்பது ஒன்று, "எங்கள் தணிக்கைக்கு நீங்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ரீட்மீயின் முதல் பத்தியை ஒட்டி அனுப்பினால் போதும். மூன்றாவதாக அரிதாக ஒன்று வரும்: கடைசி வெர்ஷனிலேயே, தொலைவிலிருந்து கோடு ஓட்டக்கூடிய கடுமையான குறை. அதற்கு மட்டும் ரெப்போவைத் திறந்து, திருத்தி, 4.2.10 வெளியிட்டு, ரீட்மீயில் கடைசி வெர்ஷன் எண்ணையும் ஏன் இந்த விதிவிலக்கு என்பதையும் எழுதி, அன்றைக்கே டோக்கனை ரத்து செய்து, மறுபடி பூட்டிவிடுங்கள். டெப்ரிகேட் கட்டளையைத் திரும்ப ஓட்ட மறக்க வேண்டாம். புது வெர்ஷனுக்கு அந்த முத்திரை தானாக வராது.